எந்த பாஷைக்கு வரும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குகட்பள்ளியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் எங்கள் வீட்டு வாசலில் காரில் வந்து இறங்கினார்கள். பின் சீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை நாய். நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் பிறந்து, எட்டு வாரம் ஆனதும் நானே அவர்கள் கையில் கொடுத்த குட்டிதான் அது. இப்போது துபாயில் வேலை கிடைத்திருக்கிறது, நாயைக் கூட்டிப்போக வழியில்லை என்று அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். திட்டப்போகிறேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது.

"இது எந்த பாஷைக்கு வரும்?"

அவர் முழித்தார். மனைவிதான் புரிந்துகொண்டு, "தெலுங்குக்கு மேடம்" என்றாள்.

அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. இதே ஹைதராபாத்தில், போலாரத்தில் இருந்த ஒரு டெய்லர் அக்காவுடையது.

அக்காவைப் பற்றி முதலில் என் காதில் விழுந்ததே ஒரு புகார்தான். மகளுக்கு லாப்ரடார் குட்டி வேண்டும் என்று ஆபீஸில் சொன்னபோது ஒரு தோழி சொன்னாள், "போலாரத்துல ஒருத்தங்க வளர்க்கிறாங்க. நல்ல குட்டிங்க. ஆனா கொடுக்க மாட்டாங்க." நான் சாஃப்ட்வேரில் டெஸ்டிங் பிரிவில் இருப்பவள். ஒன்று வேலை செய்யாது என்று யாராவது சொன்னால், ஏன் செய்யாது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. குட்டி வளர்ப்பவர் குட்டி கொடுக்க மாட்டார் என்றால் அது என்ன வியாபாரம்? அந்தச் சனிக்கிழமையே கிளம்பிப் போய்விட்டேன்.

பட்டாளக் குடியிருப்பு தாண்டி ஒரு ஓட்டு வீடு. முன்னறையில் தையல் மெஷின். ராணுவ அதிகாரிகளின் மனைவிமார் பிளவுஸ், பள்ளிக்கூட யூனிஃபார்ம், திரைச்சீலை எல்லாம் அங்கேதான் தைக்கக் கொடுப்பார்கள். அக்காவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து பட்டாளத்தோடு சமையல்காரராக வந்தவராம்; அக்காவின் தமிழில் ஊர் உருதுவும் கலந்திருக்கும். கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப்பு தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று எனக்குச் சந்தேகம். நான் குட்டி விஷயத்தைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தனி வீடா?"

"ஆமாக்கா. ஏ.எஸ்.ராவ் நகர்ல கீழ் போர்ஷன். பின்னாடி கொஞ்சம் இடமும் இருக்கு."

"கேட்டுக்குக் கீழ எத்தன இஞ்ச் சந்து?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "தெரியாதா? ஹவ், ஆமா, யாருக்கும் தெரியறதில்ல. நானே வரேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு சொன்ன நேரத்துக்கு ஸ்கூட்டரில் வந்து நின்றார். குனிந்து கேட்டின் அடியில் டேப்பை வைத்தார். ஏழு இஞ்ச். "இதுல தெருநாய் தட்டையாப் படுத்து வந்துடும்" என்றார். பின்பக்க மதிலை அளந்தார். நாலரை அடி. காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் கணவர், "நான்தான்" என்று கையைத் தூக்கினார். எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். இடது பக்கத்தில் யாரோ ஒரு பெண்ணின் மார்பு முப்பத்தாறு, தோள் பதினாலு, கை ஒன்பது. வலது பக்கத்தில் எங்கள் கேட், மதில், கணவர்.

இதெல்லாம் முடிந்தாவது குட்டி கிடைத்ததா? ஒன்றரை வருடம் கழித்துத்தான் கிடைத்தது. ஊரில் எல்லோரும் குட்டி பிறந்த பிறகு ஆள் தேடுவார்கள். அக்கா ஆள் சேர்ந்த பிறகுதான் குட்டியைப் பற்றியே யோசிப்பார். எட்டு வீடு அளந்து நோட்டில் ஏறினால்தான் தன் பெண் நாய்க்கு ஜோடி பார்ப்பது. அதுவும் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து, கண்ணைப் பரிசோதித்து, ஆண் நாயின் அம்மா அப்பா எப்படிச் செத்தார்கள் என்றுவரை விசாரித்துவிட்டு. என் மாமியார் வீட்டுக்காரர்கள்கூட என்னைப் பற்றி அவ்வளவு விசாரிக்கவில்லை.

முதல் முறை எட்டு வீடும் சேர்ந்திருந்தது, எங்களையும் சேர்த்து. அந்த நேரம் எக்ஸ்ரேயில் அவருடைய பெண் நாயின் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை என்று தெரிந்தது. அத்தனை பேருக்கும் ஒரே நாளில் போன் போட்டு இல்லை என்று சொல்லிவிட்டார். ஒரு அதிகாரியின் மனைவி கடைக்கே வந்து மன்றாடியதை நான் பிளவுஸ் வாங்கப் போனபோது பார்த்தேன். இவ்வளவு அழகான நாய், நன்றாகத்தானே ஓடுகிறது, ஒரே ஒரு தடவை குட்டி போடட்டுமே என்றாள் அந்த அம்மாள்.

"இது ஓடும் மேடம். இதோட குட்டி ஓடுமான்னு தெரியாதே. நக்கோ, வேணாம்" என்றார் அக்கா. அந்த நாயை அந்த வாரமே கருத்தடை ஆபரேஷன் செய்து கூட்டி வந்துவிட்டார். அப்புறம் வேறொரு பெண் நாய் வளர்ந்து வரும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பில் எனக்கு அந்தக் கடை பழகிப்போனது. தேவையே இல்லாமல் பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன். அக்கா தைத்த எதிலும் உள்ளே ஒரு இஞ்ச் துணி மடித்து விட்டிருக்கும். "உடம்பு நாளைக்கே மாறும். அப்ப திருப்பிக் கொண்டா, பிரிச்சுக் குடுக்கறேன்" என்பார். நாய்க்கும் அதே பேச்சுதான். குட்டி வாங்கிப்போகும் ஒவ்வொருவரிடமும் சொல்வார்: "வேணாம்னு தோணுச்சின்னா ரோட்ல விடாத, யாருக்கும் தள்ளி விடாத. பத்து வயசானாலும் எங்கிட்டயே திருப்பிக் கொண்டா."

சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் ஒரு குடும்பம் ஆறு வயது நாயைக் கொண்டுவந்து விட்டது. அமெரிக்கா போகிறார்களாம். அக்கா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. நோட்டைத் திறந்து என்ன சாப்பிடும், வெடிச் சத்தத்துக்குப் பயப்படுமா என்று கேட்டுவிட்டுக் கடைசியாகக் கேட்டார்: "எந்த பாஷைக்கு வரும்?" அப்படித் திரும்பி வந்தவை மட்டும் அந்த வீட்டில் ஐந்து இருந்தன. ஒன்றிடம் தெலுங்கில் "கூர்ச்சோ" என்பார், அது உட்காரும். இன்னொன்றுக்கு இந்தியில் "பைட்டோ". இன்னொரு கிழ நாய்க்கு இங்கிலீஷ்தான் புரியும், ஏதோ கர்னல் வீட்டில் வளர்ந்தது. வீடு மாறியதே அதுங்களுக்குக் கஷ்டம், இதில் பாஷையையும் ஏன் மாத்தணும் என்று என்னைக் கேட்டார். ஹைதராபாத்துக்கு வந்து பத்து வருடமாகிறது, எனக்கே தெலுங்கு பால்காரரிடம் பேசும் அளவுக்குத்தான் வருகிறது.

மெஷினுக்கு அடியில் ஒரு நாய் எப்போதும் படுத்திருக்கும், மெலிந்து, மடி தொங்கி. மற்ற நாய்களைப்போல எழுந்து வராது. ஒரு நாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே அக்கா சொன்னார். பெரிய பங்களாக்காரர் ஒருவருக்கு ஆசையாகக் கொடுத்த குட்டியாம். மூன்று வருடம் கழித்து ஒரு சந்தையில் கூண்டுக்குள் குட்டிகளோடு கிடந்ததைப் பார்த்து, விலை கொடுத்து மீட்டு வந்தாராம். ஒவ்வொரு ஹீட்டுக்கும், அதாவது இணை சேரும் பருவம் வரும்போதெல்லாம், குட்டி போட வைத்து விற்றிருக்கிறார்கள். "அன்னிலருந்துதான் எழுதி வாங்கிக்கறேன்" என்றார்.

எங்களுக்குப் பூந்தி கிடைத்தபோது நானும் எழுதிக் கொடுத்தேன். பூந்தி மஞ்சள் நிறப் பெண் குட்டி, பெயர் மகள் வைத்தது. நோட்டில் எங்கள் பக்கத்தில் இரண்டே வரி: டாக்டர் சொல்லும் மாதத்தில் ஆபரேஷன் செய்வேன். சொன்னபடி செய்யாவிட்டால் நாயை அக்காவிடம் திருப்பிக் கொடுப்பேன். கீழே என் கையெழுத்து.

பத்தாவது மாதம் பூந்தி முதல் முறை ஹீட்டுக்கு வந்தாள். அக்காவுக்குப் போன் போட்டேன். மறுநாளே பிளவுஸ் லைனிங் துணியில், வாலுக்கு ஓட்டை வைத்து, ஒரு ஜட்டி தைத்து எடுத்து வந்தார். பூந்திக்கு மாட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "இது சோபாவுக்கு மா, பூந்திக்கு இல்ல. கறை படாம இருக்கத்தான். இருபத்தோரு நாள் இவள வெளிய தனியா விடாத. ரத்தம் நின்னுடுச்சின்னா முடிஞ்சிபோச்சின்னு நெனைக்காத, அப்பதான் ஆரம்பம்." நான் தலையாட்டினேன். அந்த முறை ஒழுங்காகக் காவல் காத்தோம். டாக்டர், மூன்று மாதம் கழித்து ஆபரேஷனுக்குக் கூட்டி வாருங்கள் என்றார்.

மூன்று மாதம் ஆனபோது என் கணவர் ஆரம்பித்தார். "ஒருக்கா குட்டி போட்டாத்தாம்ட்டி பொட்டைக்கு உடம்புக்கு நல்லது. பாவம், அதுக்கும் ஆசை இருக்கும்லா?"

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்லுதாவ. எங்க ஊர்ல கேட்டுப் பாரு."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. ஆனால் எனக்குள்ளும் பூந்தியின் குட்டியைப் பார்க்கும் ஆசை ஒரு மூலையில் இருந்தது. கணவர்மேல் பழியைப் போட்டு நானும் தள்ளிப்போட்டேன். அக்கா போன் செய்தபோதெல்லாம் அடுத்த மாதம் அடுத்த மாதம் என்றேன். கடைசியில் ஒரு நாள், இந்தக் கேள்வியே இனி வரக்கூடாது என்று, "ஆச்சுக்கா" என்று சொல்லிவிட்டேன். "சந்தோஷம் மா" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த ஹீட்டின் பதின்மூன்றாம் நாள். ரத்தம் நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. குகட்பள்ளியில் ஒரு கிரகப்பிரவேசம், மூன்று பேருமே போகவேண்டியிருந்தது. பூந்திக்கு ஜட்டியை மாட்டி, நாடாவை இரண்டு முடிச்சாக இறுக்கி, பின்பக்கம் விட்டுவிட்டுப் போனோம். நாலரை அடி மதிலுக்கு வெளியே, பக்கத்து மனையில் வீடு கட்ட மணல் கொட்டியிருந்ததை நாங்கள் யோசிக்கவே இல்லை. மத்தியானம் வந்து பார்த்தால் ஜட்டி பின்பக்கக் கொய்யா மரக் கிளையில் தொங்குகிறது. பூந்தியும், தெருமுனைப் பால் பூத்தில் படுத்திருக்கும் கறுப்பு வெள்ளை நாயும், ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு, பிரிய முடியாமல் நிற்கின்றன. மகள், "நானா, ஏமைந்தி?" என்று, என்ன ஆச்சு என்பதை அப்பாவிடம் தெலுங்கில் கேட்டாள். அப்பா ஜட்டியைக் கிளையிலிருந்து எடுத்துப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார்.

அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டிருந்தால் டாக்டரிடம் போய் ஆபரேஷனை அப்போதே முடித்திருக்கலாம், வழி இருந்தது. ஆனால் செய்து முடித்துவிட்டேன் என்று சொன்ன ஆபரேஷனைப் பற்றி எந்த வாயால் பேசுவது? சொன்னால் பூந்தியைக் கொண்டுபோய்விடுவார். அவர் வாக்குத் தவறாதவர், அதுதான் பயமே. கரு நிற்காது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஐந்தாவது வாரம் பூந்தியின் வயிறு எனக்குப் பதில் சொல்லிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் குட்டி போட ஆரம்பித்தாள். இரண்டு வந்தன. மூன்றாவது வரவில்லை. ஒன்றரை மணி நேரம் முக்கிக்கொண்டே இருந்தாள், கண் செருகியது. எங்கள் டாக்டர் ஊரில் இல்லை. மகள் பூந்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் போனை எடுத்தேன்.

"அக்கா, பூந்தி குட்டி போடுறாக்கா. மூணாவது வரல."

அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. "எவ்ளோ நேரமா முக்கறா? பச்சையா ஏதாச்சும் வருதா? சரி, பொறந்தத துணில சுத்தி எடுத்துக்கோ. நான் சொல்ற ஆஸ்பத்திரிக்கு வண்டில ஏத்திக்கினு வா."

நாங்கள் போவதற்கு முன்பே வாசலில் நின்றார், கழுத்தில் டேப்போடு. வயிற்றைத் திறந்து இன்னும் மூன்றை எடுத்தார்கள். அதில் ஒன்றுக்கு உயிர் இல்லை. கருத்தடையையும் அதே நேரத்தில் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது அக்கா பேனாவை என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். உயிரில்லாத குட்டியை அக்கா வாங்கி, பையிலிருந்த ஒரு லைனிங் துண்டில் சுற்றி, வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தனாவது நாளு?"

"பதிமூணுக்கா."

"ரத்தம் நின்னுடுச்சா?"

"நின்னுருச்சு. ஜட்டி போட்டுத்தான்க்கா விட்டோம்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான் அத சோபாவுக்குத் தச்சேன்" என்றார். அவ்வளவுதான். நான் சொன்ன பொய்யை அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் தைத்த ஒவ்வொரு நாய் ஜட்டியிலும் சிவப்பு நூலில் சின்னதாக ஒரு பூட்டு, அதன்மேல் குறுக்காக ஒரு கோடு. இது பூட்டு இல்லை என்று எந்த பாஷைக்காரருக்கும் புரியட்டும் என்றாராம்.

நான்கு குட்டிகளையும் அக்கா எடுத்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து வந்தவர் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி என் கையில் வைத்தார். அவரை டேப் இல்லாமல் அப்போதுதான் முதல் முறை பார்த்தேன்.

"குட்டி உன்னுது. நீ போய் அள."

அளந்தேன். பதினோரு பேர் ஒன்று கொடுங்களேன் என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் வீட்டில் பகலெல்லாம் யாரும் இல்லை. இன்னொருவர் மொட்டை மாடியில் கட்டிப்போடுவதாகப் பெருமையாகச் சொன்னார். ஒரு அம்மாள், ஆண் என்றால் மட்டும் கொடு, பெண் என்றால் நீயே வைத்துக்கொள் என்றாள். முன்பின் தெரியாதவர்கள் வீட்டு கேட்டின் அடியில் குனிந்து நான் டேப்பை வைத்தபோது சிரித்தார்கள். ஏழு பேருக்கு இல்லை என்று சொன்னேன். இல்லை என்று சொல்வதற்கு எவ்வளவு தெம்பு வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருக்கா குட்டி போட்டால் நல்லது என்ற மனிதர் எட்டு வாரம் பீயும் மூத்திரமும் அள்ளி, பழைய பேப்பர் விரித்து, பூந்தியின் தையலில் மருந்து போட்டு, இளைத்துப்போனார். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

கடைசிக் குட்டியும் போன மறுநாள் அக்கா வருவதாகச் சொல்லியிருந்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. நோட்டில் என் கையெழுத்து இருந்தது. பூந்தியின் தட்டு, போர்வை, கடித்துப் பாதியான பந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவோரம் வைத்தேன். மகள் அந்தப் பையைப் பார்த்துவிட்டு என்னோடு பேசவே இல்லை.

அக்கா வந்து உட்கார்ந்தார். பையைப் பார்த்தார். நோட்டைத் திறந்து எங்கள் பக்கத்தை எடுத்தார். பூந்தி கூடத்தின் மறுகோடியில் படுத்திருந்தாள்.

"எந்த பாஷைக்கு வரும்?" என்றார்.

திரும்பி வரும் நாய்களுக்கான கேள்வி. நான் பையின் வாயை இழுத்துக் கட்டினேன். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவே முயன்றார். "பூந்தி, இக்கட ரா." வால் மட்டும் ஆடியது. "இதர் ஆ." அதற்கும் வால்தான். "கம் ஹியர்." பூந்தி தலையைச் சாய்த்துப் பார்த்தாள், எழவில்லை.

மூலையில் நின்றிருந்த மகள் மூக்கை உறிஞ்சினாள். நாங்கள் தமிழில் எதைக் கேட்டாலும் தெலுங்கிலோ இந்தியிலோ பதில் சொல்பவள். அன்றைக்கு, பகலெல்லாம் பூந்தியோடு பேசும் அவள் அப்பாவின் அதே நெல்லை இழுப்பில் சொன்னாள்:

"ஏட்டி பூந்தி, இங்க வாட்டி. அங்கன போவாத என்னா!"

பூந்தி எழுந்து, வயிற்றுத் தழும்பு தெரிய உடம்பை வளைத்துக்கொண்டு ஓடிப்போய் அவள் காலடியில் விழுந்தாள்.

அக்கா இருவரையும் பார்த்தார். நோட்டை மூடினார். "இந்தத் தமிழ் எனக்கு வராது மா. இங்கயே இருக்கட்டும்" என்று எழுந்துவிட்டார்.

அவர் பையில் நாய் பிஸ்கட் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. ஒன்றை எடுத்து நீட்டியிருந்தால் பூந்தி எந்த பாஷைக்கும் ஓடியிருப்பாள். ஏன் நீட்டவில்லை என்று கேட்க எனக்கு அன்று வாய் வரவில்லை. அடுத்த வருடம் அக்கா தன் மகள் இருக்கும் ஊருக்கு, திரும்பி வந்த நாய்கள் அத்தனையையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

அன்று வாசல்வரை போய் டேப்பை நீட்டினேன். "நக்கோ, வெச்சிக்கோ. நாலு குட்டி குடுத்திருக்க, ஒண்ணாவது திரும்பி வரும். வேற வீடு பாக்கணும்ல?" என்றார். வெளியே போய் கேட்டைச் சாத்தியவர், ஸ்கூட்டரை எடுக்காமல் குனிந்தார். கையில் டேப் இல்லாததால் நான்கு விரலைச் சேர்த்து, அவர் சொன்னபடி நாங்கள் அடியில் பலகை அடித்திருந்த சந்துக்குள் நுழைத்துப் பார்த்தார். விரல் நுழையவில்லை. அதற்குப் பிறகுதான் வண்டியைக் கிளப்பினார்.